வினா, விடை, உடைமை: ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை முன்வைத்து

பவணந்தி வினாவை ஆறாகப் பிரிக்கிறார். தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியாவினா. இதுவா அதுவா என்று தடுமாறிக் கேட்பது ஐயவினா. கடைக்காரரிடம் பருப்பு இருக்கா என்பது கொளல்வினா. கொடுக்கும் நோக்கத்தில் 'உனக்குச் சட்டை இல்லையா?' என்பது கொடைவினா. 'பாடம் எழுதிட்டியா?' என்று கேட்டு எழுத உட்கார வைப்பது ஏவல்வினா. எம்.ஏ. வகுப்பில் இதை நெட்டுருப் போட்டு மதிப்பெண் வாங்கியதோடு நம்மில் பலருக்கும் விஷயம் முடிந்துபோனது. ஆனால் இந்தப் பட்டியலை யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று பார்த்தால், இலக்கணத்துக்குள் அதிகாரத்தின் வரைபடம் ஒன்று கிடப்பது தெரியும். அறியாவினாவிலும் ஐயவினாவிலும் கேட்பவர் கீழே நிற்கிறார். அறிவினாவில் (ஆசிரியர் மாணவனைக் கேட்பது) கேட்பவர் மேலே. ஏவல்வினாவில் சொல்லவே வேண்டாம். வாக்கியம் ஒன்றாகவே இருக்கலாம். போலீஸ் ஸ்டேஷனில் 'எங்கருந்து வர்றே?' என்பதும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அதையே கேட்பதும் ஒன்றல்ல என்பதை விளக்க எந்தக் கோட்பாடும் தேவையில்லை.

இந்த ஆறு வகையை ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்கிற வினா-விடைத் தளத்தின் மீது வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். புரோகிராமர்கள் ஒருவரையொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்கிற இடம். இந்தச் சமாச்சாரமெல்லாம் நமக்கெதுக்கு என்று கேட்கிற இலக்கிய நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கொண்ட ஒரு எழுத்துத் தொகுதி, பெரும்பாலும் கூலியில்லாத எழுத்தாளர்களால், பதினைந்து ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகள் தினமும் வாசித்ததும் அதைத்தான். வாசிக்கப்பட்ட அளவை வைத்துப் பார்த்தால் நம் காலத்தின் மிகப்பெரிய 'வினாவிடை' நூல் அதுவாகத்தான் இருக்கும். அதன்மேல் விமர்சனம் வைக்கக் கூடாதா என்ன?

வினாவிடை என்கிற வடிவம் தமிழுக்குப் புதிதல்ல. கிறித்துவ மிஷன்களின் ஞானோபதேச வினாவிடை, அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு ஆறுமுக நாவலர் எழுதிய சைவ வினாவிடை. இவற்றில் விசேஷம் என்னவென்றால் கேள்வியையும் பதில் சொல்பவரே எழுதிவிடுகிறார். கேட்பவர் என்று அங்கே யாரும் கிடையாது, கேட்பவரின் குரல்போல ஒன்று மட்டும் இருக்கிறது. 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழ'னில் அயோத்திதாசர் வாசகர்கள் அனுப்பிய ஐயங்களுக்கு விடை எழுதியபோது இந்த வடிவத்துக்குள் முதன்முறையாக நிஜமான ஆட்கள், அதுவும் கேட்கவே உரிமை மறுக்கப்பட்ட ஆட்கள், நுழைந்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. பின்னால் குமுதத்தின் அரசு பதில்கள் வகையறா. அங்கே கேள்வி, பதில் சொல்பவரின் சாதுரியத்துக்கு ஒரு சாக்கு. இவை எல்லாவற்றிலும் பதில் சொல்பவர் ஒருவர். யாருடைய கடிதத்தை அச்சேற்றுவது என்று தீர்மானிக்கும் பத்திரிகை ஒன்று. இணையத்தின் வினா-விடைத் தளங்கள் வந்தபோது இந்த ஒற்றை மையம் உடைந்துவிட்டது, யாரும் கேட்கலாம், யாரும் சொல்லலாம் என்று ஒரு பெருங்கதையாடல் பரப்பப்பட்டது. அதைத்தான் சோதிக்க வேண்டும்.

2008இல் ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இருவர் இதைத் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்று ஒன்று இருந்தது. பதிலைப் படிக்கக் காசு கேட்கும். அதற்கு எதிராக, 'எல்லாம் இலவசம், எல்லாம் திறந்தது' என்று இவர்கள் வந்தார்கள். எழுதுகிற அனைத்தும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் பொதுவில் இருக்கும். எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் திரும்பப் பகிர்ந்தால் யாரும் எடுத்தாளலாம். நல்ல காரியம்தான். இந்த உரிமத்துக்குக் கட்டுரையின் கடைசியில் திரும்பி வர வேண்டியிருக்கும்.

இனி ஆறு வினா. 'பைத்தான் கத்துக்கவா, ஜாவா கத்துக்கவா?' இது ஐயவினா. கருத்தை அடிப்படையாகக் கொண்டது என்று மூடிவிடுவார்கள். 'இந்த வேலைக்கு எந்தப் புத்தகம், எந்தக் கருவி நல்லது?' இது கொளல்வினா. பரிந்துரை கேட்பது இந்தத் தளத்தின் எல்லைக்கு வெளியே என்று மூடிவிடுவார்கள். 'இதை எழுதித் தாங்களேன்' என்பது ஏவல்வினா, வீட்டுப்பாடத்தை எங்கள் தலையில் கட்டாதே என்று பதில் வரும். கொடைவினா, அதாவது என்னிடம் ஒரு பொருள் இருக்கிறது, உங்களுக்கு வேண்டுமா என்பது, விளம்பரக் குப்பை என்று நீக்கப்படும். (இந்த ஒன்றில் நான் அவர்கள் பக்கம்.) அறிவினாவுக்கோ சிவப்புக் கம்பளம். தன் கேள்விக்குத் தானே பதில் எழுதிப் போடுவதை அந்தத் தளம் வெளிப்படையாகவே ஊக்குவிக்கிறது. சைவ வினாவிடை மாதிரிதான்! மிஞ்சுவது அறியாவினா. அதுவும் நிபந்தனையோடு: நீ அறியவில்லை என்பதை அறிவாளியைப்போலச் சொல்ல வேண்டும். பிழையை மட்டும் தனியே பிரித்து, யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்த்து அதே பிழையை வரவழைக்கும்படி மிகச் சிறிய நிரல் துண்டாகத் தர வேண்டும். அந்த அளவுக்குப் பிரித்தெடுக்கத் தெரிந்தவர் பாதிப் பதிலைத் தானே கண்டுபிடித்திருப்பார்.

இப்போது நன்னூலின் வேறொரு பகுதி. பொதுப்பாயிரத்தில் மாணாக்கர் பற்றிய இலக்கணம் வருகிறது. தீக்காய்பவன்போல ஆசிரியரிடமிருந்து விலகாமலும் நெருங்காமலும் அஞ்சி நிற்க வேண்டும் என்கிறது அது. கூடவே யாருக்கெல்லாம் நூல் சொல்லித்தரக் கூடாது என்று ஒரு பட்டியலும் உண்டு. சோம்பேறி, நோயாளி, மந்தபுத்தி உள்ளவன், தூங்குகிறவன், கோபக்காரன்... இந்தப் பட்டியலைப் பதின்மூன்றாம் நூற்றாண்டோடு விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒரு கேள்விக்கு எதிர்வாக்குப் போடும் அம்புக்குறிமேல் சுட்டியைக் கொண்டுபோனால் ஒரு விளக்கம் வரும்: தேடி ஆராய்ந்த முயற்சி இந்தக் கேள்வியில் தெரியவில்லை, தெளிவில்லை அல்லது பயனில்லை என்று. முதலாவது மடி. இரண்டாவது மந்தன். பவணந்தியை அவர்கள் படித்திருக்க வாய்ப்பில்லை. குருகுலம் எங்கே உருவானாலும் இதே பட்டியலைத்தான் உற்பத்தி செய்கிறது என்பதுதான் இதில் தெரிவது.

கேட்பவருடைய தகுதியைப் புள்ளியாக எண்ணி வைத்திருக்கிறார்கள். புதிதாக நுழைபவருக்கு 1 புள்ளி. அவர் கேள்வி போடலாம், பதில் போடலாம். ஆனால் அடுத்தவர் கேள்விக்குக் கீழே கிடக்கிற பதிலில் 'இந்த இடம் புரியலையே' என்று ஒரு வரி எழுத 50 புள்ளி வேண்டும். பாராட்டி வாக்களிக்க 15. எதிர்த்து வாக்களிக்க 125. ஒரு கேள்வியை மூட வாக்களிப்பதற்கு 3,000. நீக்கப்பட்டதைப் பார்க்க 10,000. முன்பெல்லாம் ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு கேள்வியை மூடலாம். 2019 முதல் மூன்று பேர் போதும். அதாவது பதில் சொல்லும் உரிமையைவிடச் சந்தேகப்படும் உரிமை விலை கூடியது. இதைக் கவனிக்காமல் 'யாரும் பங்கேற்கலாம்' என்பதை மட்டும் பேசுவது மோசடி.

ஃபூக்கோ பரீட்சையைப் பற்றி எழுதியதை (1975இல் வந்த தண்டனையும் ஒழுங்கும் பற்றிய நூலில்) நம் பத்திரிகைகளில் பலமுறை பேசியாகிவிட்டது. மேலிருந்து பார்க்கும் பார்வையும், இயல்பு எது விலகல் எது என்று தரம்பிரிக்கும் தீர்ப்பும் ஒன்றுசேரும் இடம் பரீட்சை என்பார். அங்கே கேட்பவர் பரீட்சகர்; சொல்பவர் பரீட்சிக்கப்படுபவர். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இதை அப்படியே தலைகீழாகத் திருப்பிவிட்டது. இங்கே கேட்பவர்தான் பரீட்சை எழுதுகிறார். கேள்வியே விடைத்தாள். 'நீ என்ன முயன்று பார்த்தாய்?' என்பது அங்கே வழக்கமாகவே போய்விட்ட ஒரு பின்குறிப்பு. பவணந்தி விடையை எட்டு வகையாக்கும்போது வினாவுக்கு வினாவாலேயே விடை சொல்வதையும் ஒரு வகையாக ஒப்புக்கொள்கிறார். ஆனால் அங்கே எதிர்வினா விடையைக் குறிப்பால் உணர்த்தும். இங்கே அது கேட்பவரைக் கூண்டில் ஏற்றுகிறது.

இதோடு ஒப்பிட நம்மிடம் ஒன்று இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம். அதன் ஆறாம் பிரிவு, தகவல் கேட்பவரிடம் எதற்காகக் கேட்கிறாய் என்று காரணம் கேட்கக் கூடாது என்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளுக்குள் பதில். கேட்பவர் தன் அறியாமைக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அறிந்தவர்தான் மறைப்புக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஒரு தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று பழகியவர்களுக்கு இந்தத் தலைகீழ் மாற்றம் எவ்வளவு பெரியது என்று தெரியும். அதிகாரத்துக்கும் தெரியும். அதனால்தான் கேட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். குஜராத்தில் சட்டவிரோதச் சுரங்கங்களைப் பற்றித் தகவல் கேட்ட அமித் ஜேத்வா 2010இல் உயர்நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அரசாங்கத்திடம் கேட்பதும் சக தொழிலாளியிடம் இலவச உதவி கேட்பதும் ஒன்றா என்று நண்பர்கள் மடக்கலாம். ஒன்றல்ல. சம்பளம் வாங்காமல் பதில் சொல்பவருக்கு எரிச்சல்படும் உரிமை உண்டு. நான் சொல்வது அந்த எரிச்சலைப் பற்றியல்ல, எரிச்சல் எப்போது ஒரு நிறுவன விதியாகிறது என்பதைப் பற்றி.

ஏன் விதியானது? இதற்கு அந்தத் தளமே நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறது. தன் நோக்கம் புரோகிராமிங் பற்றிய எல்லாக் கேள்விகளுக்கும் தரமான பதில்கள் கொண்ட ஒரு நூலகத்தை உண்டாக்குவது என்று தன் அறிமுகப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. நூலகம்! அதாவது கேட்பவருக்குப் பதில் சொல்வதல்ல நோக்கம். கேட்பவர் நூலகத்துக்கு ஒரு கச்சாப் பொருள். அவருடைய வேலை இன்று ராத்திரிக்குள் முடிய வேண்டும், மேனேஜர் நெருக்குகிறார் என்பது பிரதிக்குச் சம்பந்தமில்லாதது. 'வணக்கம்', 'நன்றி' என்று எழுதினால்கூட யாராவது வந்து வெட்டிவிடுவார்கள். பதில் உண்மையில் எழுதப்படுவது நாளை கூகுளில் தேடிக்கொண்டு வரப்போகும் முகமற்ற ஆயிரம் பேருக்காக. இதைப் புரிந்துகொண்டால் அங்கே நிலவும் கடுமையை வெறும் மரியாதைக் குறைவு என்று சொல்ல மாட்டோம். கடுமை அமைப்பிலேயே இருக்கிறது. முன்வாசலில் வந்து நிற்கும் ஒருவரைப் பின்வாசலில் வரப்போகும் ஆயிரம் பேருக்காகப் பலி கொடுக்கும் அமைப்பு.

'ஏற்கெனவே கேட்கப்பட்டது' என்று மூடுவது இந்த அமைப்பின் உச்சம். கணினியில் 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் சரியாக 0.3 வருவதில்லை. எண்களை அது இரண்டடிமானத்தில் வைத்துக்கொள்வதால் ஏற்படும் நுண்ணிய பிசகு. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் இதில் தடுக்கி விழுவார்கள், ஒவ்வொருவரும் எந்திரம் கெட்டுப்போச்சு என்று நினைப்பார்கள். 2009இல் ஒருவர் கேட்டு வாங்கிய பதில் ஒன்று மூலபாடமாக நிற்கிறது. அதற்குப் பிறகு கேட்டவர்கள் எல்லாம் அதைக் காட்டி அனுப்பப்பட்டார்கள். பொறியியலாக இது நியாயம். ஆனால் ஒரே வாக்கியம் இரண்டு வாயிலிருந்து வந்தால் இரண்டு வாக்கியம் என்பதுதானே நாம் பிரதி வாசிப்பில் இத்தனை காலம் சொல்லிவந்தது? ரசீது கணக்கில் ஒரு பைசா உதைக்கிறதே என்று கேட்பவரும், மிதவை எண்களின் கட்டமைப்பைத் தெரிந்துகொள்ளக் கேட்பவரும் ஒரே பதிலுக்கு அனுப்பப்படுகிறார்கள். முதலாமவர் அந்தப் பதிலைப் படித்துப் பாதியில் திரும்பிவிடுவார். அவர் திரும்பியது எங்கும் பதிவாகாது.

சரி, இந்த நூலகத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நான் விமர்சகனே அல்ல. 2012இல் ஒருவர் கேட்டார்: வரிசைப்படுத்திய எண்களைக் கணினி வேகமாகக் கையாளுகிறது, வரிசைப்படுத்தாத அதே எண்களுக்கு மெதுவாகிறதே, ஏன்? செய்கிற வேலை ஒன்றுதான், எண்ணிக்கை ஒன்றுதான். பிறகு ஏன்? உண்மையிலேயே வியந்து கேட்கப்பட்ட அறியாவினா. அதற்கு வந்த பதில் அந்தத் தளத்திலேயே மிக அதிகமாகப் பாராட்டப்பட்டவற்றுள் ஒன்று. பதில் எழுதியவர் சிப்பிலிருந்து ஆரம்பிக்கவில்லை. ஒரு ரயில்வே சந்திப்பின் படத்தைப் போட்டு, இது பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று வைத்துக்கொள், வயர்லெஸ் கிடையாது, நீதான் பாயிண்ட்ஸ்மேன் என்கிறார். ரயில் வருகிறது. எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது. நிறுத்திக் கேட்டால் கனத்த ரயில் நின்று கிளம்பப் பொழுதாகும். எனவே ஊகித்து ஒரு பக்கம் திருப்புகிறாய். ஊகம் சரியென்றால் ரயில் நிற்காமல் போகும். தப்பென்றால் நின்று, பின்னால் வந்து, மறுபக்கம் போக வேண்டும். வருகிற ரயில்கள் ஒரு ஒழுங்கில் வந்தால் உன் ஊகம் பலிக்கும், தாறுமாறாக வந்தால் பலிக்காது. கணினியின் மையச் செயலகமும் இப்படித்தான், ஒவ்வொரு 'ஆனால்-இல்லையென்றால்' முனையிலும் ஊகிக்கிறது. பிறகுதான் சிப்புக்கு வருகிறார். உரையாசிரியர்கள் உவமையைக் கையாண்ட விதத்தில் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பதிலின் ருசி புரியும். கேட்டவருடைய வியப்பைக் கெடுக்காமல் அதை வாங்கிக்கொண்டு மேலே எடுத்துப்போகிற பதில் அது.

இன்னொன்று நேர் எதிர். வலைப்பக்கங்களின் குறிமொழியைக் கோலத்தேடல் என்கிற எளிய கருவியால் பிரித்துவிட முடியுமா என்று யாரோ ஒருவர் கேட்டார். பலமுறை கேட்கப்பட்டுச் சலித்த கேள்வி. 2009இல் வந்த பதில் ஒழுங்காக மறுத்து ஆரம்பிக்கிறது, மெல்லப் பிதற்றலாகிறது, கடைசியில் எழுத்துகளே மேலும் கீழும் குறிகள் முளைத்து உருக்குலைந்து, நரகம் திறந்துகொண்டதுபோல முடிகிறது. சலிப்பையே வடிவமாக்கிய எழுத்து. நம் சிற்றிதழ்களில் சிலர் வலிந்து செய்துபார்த்ததை ஒரு புரோகிராமர் கோபத்தில் அநாயாசமாகச் செய்துவிட்டார். யாரும் 'திருத்தி'விடக் கூடாது என்று நிர்வாகிகள் அதைப் பூட்டி வைத்தார்கள். எல்லோரும் எல்லோருடைய பதிலையும் திருத்தலாம் என்று ஆசிரியனின் சாவை நடைமுறைக்கே கொண்டுவந்த இடத்தில், இந்த ஒரு பிரதியின் ஆசிரியர் மட்டும் உயிரோடு விடப்பட்டார்!

யார் இந்த நூலகத்தை எழுதினார்கள் என்பது அடுத்தது. 2015இல் அவர்களே நடத்திய கணக்கெடுப்பில் பதிலளித்தவர்களில் பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேர். மொழி ஆங்கிலம். பிறகு போர்த்துகீசு, ரஷ்யன், ஜப்பானியம், ஸ்பானிஷ் என்று தனிப்பிரிவுகள் வந்தன. தமிழ், இந்தி, வங்காளம் எதுவும் கிடையாது. இந்தியாவிலிருந்து அவ்வளவு பேர் புழங்கியும் கிடையாது. கேட்டால், இங்குள்ளவர்கள்தான் ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஆயிற்றே என்பார்கள். ஆமாம். கிராமத்துப் பாலிடெக்னிக்கிலிருந்து வந்த பையனும் ஆங்கிலத்தில்தான் 'படித்தான்'. அவனுடைய அறியாவினா முதலில் இலக்கணப் பிழைக்காகத் திருத்தப்படும், அப்புறம் தெளிவில்லை என்று மூடப்படும். 2018 ஏப்ரலில் நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது: நம் இடம் வரவேற்பதாக இல்லை, குறிப்பாகப் புதியவர்களும் பெண்களும் வெள்ளையரல்லாதவர்களும் அப்படி உணர்கிறார்கள் என்று. நடத்தை விதிகள் வந்தன. புள்ளிக் கணக்கில் சில சலுகைகள் வந்தன: கேள்விக்குக் கிடைக்கும் பாராட்டு வாக்கு 5 புள்ளி என்றிருந்தது 2019இல் பதிலுக்கு நிகராக 10 ஆனது. அமைப்பு அப்படியே இருந்தது. பேச்சில் இனிப்பைக் கூட்டச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

குவோரா இதற்கு மறுதுருவம் என்பார்கள். ஃபேஸ்புக்கிலிருந்து வெளியே வந்த ஆடம் டி'ஏஞ்சலோ, சார்லி சீவர் 2009இல் நிறுவியது. அங்கே எதையும் கேட்கலாம். ஆறு வினாவும் செல்லும். தமிழ்ப் பிரிவும் உண்டு. ஆனால் 2018இல் அது கேள்வி கேட்பவர்களுக்குக் காசு கொடுக்கும் திட்டம் ஒன்றை ஆரம்பித்தபோது வினாவின் கதி என்னவாயிற்று என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தெரியாமல் கேட்பதும் இல்லை, தெரிந்து கேட்பதும் இல்லை. எது நிறையப் பேரை இழுக்குமோ அதைக் கேட்பது. பவணந்திக்கு ஏழாவது வகை ஒன்று தேவைப்பட்டிருக்கும். இதில் மேலும் நேரம் செலவிட எனக்கு இஷ்டமில்லை.

உடைமைக்கு வருவோம். 2021இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை ப்ரோசஸ் என்ற நிறுவனம் 180 கோடி டாலருக்கு வாங்கியது. ப்ரோசஸ், தென்னாப்பிரிக்காவின் நாஸ்பர்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. நாஸ்பர்ஸ் 1915இல் ஆப்ரிக்கானர் தேசியவாதத்தின் பத்திரிகை நிறுவனமாகப் பிறந்தது. நிறவெறி ஆட்சிக்குத் துணைநின்றதற்காக அதன் ஊடகப் பிரிவு 2015இல் மன்னிப்புக் கேட்டது. மூலதனத்தின் வம்சாவளியைத் தோண்டினால் எங்கும் ஏதாவது எலும்பு கிடைக்கும் என்பது தெரிந்ததுதான், விட்டுவிடுவோம். கேள்வி இதுதான்: எது 180 கோடிக்கு விற்கப்பட்டது? பதில் எழுதியவர்கள் யாரும் பங்குதாரர் அல்ல. எழுத்து பொது உரிமத்தில் இருக்கிறது. விற்கப்பட்டது அந்தப் பொதுவுக்குப் போகிற வழி. நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், மேய்ச்சல் புறம்போக்கு சர்வே எண்ணில் புறம்போக்காகவே இருக்கும், அதற்குப் போகும் பாதை மட்டும் பட்டா நிலமாகிவிடும். ஆதி மூலதனத் திரட்டலுக்கு வேலிதான் வேண்டும் என்பதில்லை, பாதையே போதும்.

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. ஒரே வாரத்துக்குள் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எந்திரம் எழுதிய பதில்களுக்குத் தடை போடப்பட்டது: பார்க்கச் சரியாகவும் உள்ளே தப்பாகவும் இருக்கும் பதில்கள் வந்து குவிந்ததால். 2023இல் நிறுவனம் அந்தத் தடையைச் செயல்படுத்தும் கைகளைக் கட்டியது. எந்திர எழுத்து என்று சந்தேகப்பட்டு நீக்காதீர்கள் என்று மட்டுறுத்துநர்களுக்கு உத்தரவு. ஜூன் 5இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கவனியுங்கள், சம்பளமே இல்லாதவர்களின் வேலைநிறுத்தம். ஆகஸ்ட் வரை நீடித்தது. இதைத் தொழிற்சங்க வரலாற்றில் எங்கே வைப்பது என்று நம் இடதுசாரி நண்பர்கள் யாரும் இதுவரை யோசித்ததாகத் தெரியவில்லை. கூலி கேட்கவில்லை அவர்கள். கொடுத்த கொடையின் தரத்தைக் காக்கும் உரிமையைக் கேட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நிறுவனம் தன் சம்பள ஊழியர்களிலும் நூற்றுக்கு 28 பேரை வெளியே அனுப்பியது.

2024 மே மாதம் ஓப்பன்ஏஐயோடு ஒப்பந்தம். பதிலெழுதியவர்களின் நூலகம் எந்திரத்துக்குத் தீனி. சிலர் தங்கள் பதில்களைத் தாங்களே அழிக்கவும் மாற்றியெழுதவும் முயன்றார்கள். பதில்கள் பழையபடி மீட்கப்பட்டன. அழித்தவர்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. சட்டப்படி நிறுவனம் செய்தது சரி, பொது உரிமத்தில் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. இந்த இடத்தில்தான் எனக்குத் தயக்கம். பொதுவுக்குக் கொடுத்ததைக் கோபத்தில் எரிப்பது, நாளை தேடி வருகிற பாலிடெக்னிக் பையனையும் சேர்த்துத்தான் தண்டிக்கிறது. ஆனால் 'பொது' என்ற சொல்லை நிறுவனம் தனக்கு வசதியான நேரத்தில் மட்டும் உச்சரிப்பதையும் பார்க்கிறோம். பெயர் சொல், அதே உரிமத்தில் திருப்பிக் கொடு என்ற இரண்டு நிபந்தனையும் எந்திரத்தின் வயிற்றுக்குள் போன பிறகு என்ன ஆகின்றன? நன்றி குறிப்பிடப்படும் என்று நிறுவனம் அறிவித்தது. கோடிக்கணக்கான வரிகளைக் கரைத்து எடுத்த ஒரு வாக்கியத்தில் யாருக்கு நன்றி சொல்வது?

கேட்பவர்களோ போய்விட்டார்கள். ஒரு காலத்தில் மாதம் இரண்டு லட்சத்தை ஒட்டி வந்துகொண்டிருந்த புதிய கேள்விகள் 2024 முடிவில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இதற்காகக் கேட்பவர்களை யாரும் குறைசொல்ல முடியாது. எந்திரம் 'நீ என்ன முயன்றாய்?' என்று கேட்பதில்லை, மூடுவதில்லை, தமிழில் கேட்டாலும் ஏதோ சொல்கிறது. பதினைந்து வருஷம் வாசலில் நிற்கவைத்து மார்க் போட்டுவிட்டு, எதிர்வீட்டுக்காரன் திண்ணையில் உட்காரச் சொன்னதும் போய்விட்டார்களே என்று புலம்புவதில் அர்த்தமில்லை. ஆனால் திண்ணையில் நடப்பதையும் பார்க்க வேண்டும். எந்திரத்திடம் கேட்கும் கேள்வி வேறு யார் காதிலும் விழுவதில்லை. தப்பான பதிலை 'இது தப்பு' என்று மூன்றாவது ஆள் ஒருவர் வந்து சொல்வதற்கு இடமில்லை. தமிழில் 'கேள்வி' என்ற சொல்லுக்குக் கேட்பது, செவிகொடுப்பது என்று இரண்டும் பொருள். குறளில் கேள்வி என்ற அதிகாரம் முழுக்க இரண்டாவது பொருளில்தான். கல்லாமைக்கு அடுத்தபடியாக வள்ளுவர் அதை வைத்திருப்பது, படிக்க முடியாதவருக்கும் பிறர் பேச்சைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி இருக்கிறது என்பதால்தான். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அறியாவினாவை அவமானப்படுத்தியது. ஆனால் அந்த அவமானத்துக்குக் கீழே எழுதப்பட்ட பதிலைக் கணக்கே தொடங்காத லட்சக்கணக்கானோர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டார்கள். பெண்களில் பலர் அங்கே ஒரு வார்த்தை எழுதாமல் வாசித்து மட்டுமே தொழில் கற்றிருப்பார்கள். எந்திரத்திடம் அந்த ஓரம் கிடையாது. ஒவ்வொருவரும் தனியறையில். அங்கே கேட்ட கேள்விகளின் குவியலைப் பார்ப்பது அறையின் சொந்தக்காரர் மட்டும்.

நூலகத்தின் முழுப் பிரதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்டர்நெட் ஆர்க்கைவில் இறக்கி வைப்பது ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பழைய வழக்கம். நாங்கள் எப்போதாவது கெட்டுப்போனால் இதை எடுத்துக்கொண்டு வேறிடத்தில் தொடங்குங்கள் என்பதற்கான உத்தரவாதமாக அது புரிந்துகொள்ளப்பட்டது. 2023இல் அதைச் சத்தமில்லாமல் நிறுத்தினார்கள். எதிர்ப்பு வந்ததும் மறுபடி ஆரம்பித்தார்கள். 2024இல் அதைத் தங்கள் தளத்துக்குள்ளேயே மாற்றிக்கொண்டார்கள். இப்போது அந்தப் பிரதி வேண்டுமென்றால் கணக்கோடு உள்ளே போய், இதை மொழி எந்திரங்களைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்த மாட்டேன் என்று ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். டிக் அடிக்கச் சொல்கிறவர்கள் அதே வருஷம் அதே பிரதியை அதே வேலைக்கு விற்றவர்கள்.